ஏலம் நடக்கும் இடத்தில் ஊர் நிற்க வேண்டும்

காஞ்சிபுரத்துத் தறியில் ஏறும் பட்டு இழைக்கும் ஏலத்திற்கும் நெருங்கிய உறவு உண்டு. தருமபுரியிலும், கர்நாடக மாநிலத்து இராமநகரத்திலும் அரசு நடத்தும் பட்டுக்கூடு அங்காடிகளில், விவசாயி கொண்டுவரும் கூடுகள் ஏலத்தில்தான் விலைபோகின்றன. நூற்பாளர்கள் பலர் போட்டியிட்டுக் கேட்கும்போதுதான் கூட்டின் உண்மையான மதிப்பு வெளிப்படுகிறது. போட்டியில்லாத இடத்தில் வாங்குபவர் சொல்வதே விலை. இந்த உண்மையை நெசவாளர் குடும்பங்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே விற்கப்படும் கூடு ஒரு தனி மனிதரின் உடைமை. விலை குறைந்தால் அவர் வாய்விட்டுக் கேட்பார், விற்க மறுப்பார், மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு சந்தைக்குப் போவார். விற்கப்படுவது அரசின் சொத்தாக இருந்தால் யார் கேட்பது? அதன் உரிமையாளர்கள் நாம் அனைவரும். ஆயினும் ஏலக் களத்தில் நம்முள் ஒருவரும் இருப்பதில்லை. விற்கும் அதிகாரிக்கு அது சொந்தப் பொருளன்று. நூறு ரூபாய்ப் பொருள் நாற்பது ரூபாய்க்குப் போனாலும் அவருடைய வீட்டுக் கணக்கில் எதுவும் குறையாது. வாங்குபவரோ தம் சொந்தப் பணத்துடன், முழுக் கவனத்துடன் வந்து நிற்கிறார். ஒரு பக்கம் விழிப்பு, மறுபக்கம் அலட்சியம். இந்த இடைவெளியில்தான் பொதுச் சொத்து கரைந்து போகிறது.

அந்த இடைவெளியை அடைப்பதற்காக எழுதப்பட்டவையே அரசுச் சொத்து ஏல விதிகள். அவற்றைச் சற்றே அறிந்துகொள்வது ஒவ்வொரு குடிமகனுக்கும் பயன்தரும்.

நம்மைச் சுற்றி நடக்கும் ஏலங்கள்

அரசுச் சொத்து என்றவுடன் பெரிய ஆலைகளும் மாளிகைகளும் நம் நினைவுக்கு வரலாம். அன்றாடம் ஏலம் போகின்றவை அவற்றைவிட எளியவை. நெடுஞ்சாலையோரப் புளியமரங்களின் மேல்பலன், ஏரி குளங்களின் மீன்பாசிக் குத்தகை, காற்றில் சாய்ந்த மரங்கள், இடிக்கப்பட வேண்டிய பழைய கட்டடங்களின் கல்லும் மரமும், கழிவு செய்யப்பட்ட ஜீப்புகள், காவல் நிலையத்தில் உரிமை கோரப்படாமல் துருப்பிடிக்கும் இருசக்கர வாகனங்கள், சந்தையில் சுங்கம் வசூலிக்கும் உரிமை, பேருந்து நிலையத்துக் கடைகள், மிதிவண்டி நிறுத்துமிடம் என்று அந்தப் பட்டியல் நீளும். இவற்றுள் சில முழு விற்பனை; சில குறிப்பிட்ட காலத்திற்கான உரிமை. இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே.

காஞ்சிபுரம், செங்கற்பட்டு வட்டாரம் ஏரிகளுக்குப் பெயர்பெற்றது. காஞ்சிபுரம் 2021-இல் மாநகராட்சியாகவும் உயர்ந்தது. ஏரியும் சந்தையும் கடைவீதியும் உள்ள இத்தகைய ஊரில், ஏலத்தில் வரவேண்டிய தொகை குறைந்தால் அதன் சுமை தெருவிளக்கிலும் குடிநீர்க் குழாயிலும் சாக்கடைத் துப்புரவிலும் வந்து விழும். ஏலத்தில் போன பணம் யாருடையது என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை.

பெருவிலையும் மிட்டாவும்

ஏலம் ஆங்கிலேயர் கொண்டுவந்த வழக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘பெருவிலை’ என்னும் சொல் காணப்படுகிறது. பலரறிய விலை கூறி நிலத்தை விற்பதை அது குறிக்கும். கோயில் நிலத்தைச் சண்டேசுவரர் பெயரால் விற்பது ‘சண்டேசுவரப் பெருவிலை’. அரசன் பெயரால் விற்பது ‘இராசராசப் பெருவிலை’. பொதுவான சொத்து மறைவில் கைமாறக் கூடாது என்னும் எண்ணம் இம்மண்ணில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது.

ஏலம் மட்டுமே நன்மை தந்துவிடாது என்பதற்கும் இதே வட்டாரம் சான்று கூறுகிறது. ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா 1763-இல் சென்னையைச் சூழ்ந்த பெரும் நிலப்பரப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக வழங்கினார். காஞ்சிபுரமும் அந்தச் செங்கற்பட்டு ஜாகீரில் அடங்கியிருந்தது. 1802-இல் கம்பெனியார் அந்நிலப்பரப்பை ‘மிட்டா’ எனப்படும் பகுதிகளாகப் பிரித்து, நிலவரி வசூலிக்கும் நிரந்தர உரிமையுடன் ஏலம் விட்டனர். அதிகத் தொகை கேட்டவர் மிட்டாதார் ஆனார். நடந்தது என்ன? மழை பொய்க்கும், ஏரி வறளும் நாட்டில், ஏலத்தின் வேகத்தில் உயர்ந்த தொகையை நிலம் தாங்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் மிட்டாக்கள் பல பாக்கியில் மூழ்கி மீண்டும் அரசின் கைக்கே வந்தன. இடையில் நசுங்கியவர்கள் ஏர் பிடித்த உழவர்கள்.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பாடம் கிடைக்கிறது. பலரறிய விற்பது நல்லது. ஆனால் எதை விற்பது, என்ன நிபந்தனையில் விற்பது என்பதையும் முன்கூட்டியே நன்கு எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாலரை இலட்சம் எப்படி 25 இலட்சம் ஆயிற்று?

பகிரங்க ஏலத்தின் ஆற்றலை உச்ச நீதிமன்றமே கண்ணெதிரே கண்ட வழக்கு ஒன்று உண்டு. ‘ராம் அண்டு ஷியாம் கம்பெனி எதிர் அரியானா அரசு’ என்பது அதன் பெயர். தீர்ப்பு வெளிவந்த ஆண்டு 1985.

அரியானாவில் சிறுகனிமம் எடுக்கும் உரிமை ஏலத்திற்கு வந்தது. ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 3,87,000 ரூபாய்க்குக் கேட்டது. அதுவே உச்சக் கேட்பு. அத்தொகை போதாது என்று அரசு கருதியது. அப்படிக் கருத அரசுக்கு உரிமை உண்டு. அதன்பின் நடந்ததுதான் தவறு. வேறொருவர் தனியே எழுதிக் கொடுத்த 4,50,000 ரூபாய்க் கோரிக்கையை, முதலாமவருக்குச் சொல்லாமலேயே அரசு ஏற்றுக்கொண்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அங்கே இரு தரப்பினரும் நேருக்கு நேர் விலை கேட்க வாய்ப்பளிக்கப்பட்டது. தொகை ஏறிக்கொண்டே போய் ஆண்டுக்கு 25 இலட்சம் ரூபாயில் நின்றது!

பொருள் அதே பொருள். கேட்டவர்களும் அதே மனிதர்கள். மூடிய அறையில் நாலரை இலட்சமாக இருந்தது, திறந்த மன்றத்தில் ஐந்து மடங்கையும் தாண்டியது. இந்த வேறுபாடு முழுவதும் மக்களின் பணம். அரசு தன் சொத்தை விற்கும்போது, தனி மனிதர் தம் பொருளை விரும்பியவருக்கு விரும்பிய விலைக்குக் கொடுப்பதுபோல் நடந்துகொள்ள முடியாது என்று நீதிமன்றம் தெளிவாக எடுத்துரைத்தது.

ஏழு விதிகள், ஏழு பூட்டுகள்

ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி விதித்தொகுப்புகள் உள்ளன. மத்திய அரசுத் துறைகளுக்கு 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள்; மாநிலத்தில் நிதி விதித்தொகுப்பும், உள்ளாட்சி, கனிமம், வருவாய் ஆகியவற்றுக்கான சட்டங்களும் உள்ளன. சொற்கள் வேறுபட்டாலும் அவற்றின் சாரத்தை ஏழு விதிகளாகத் தொகுத்துக் கூறலாம். ஒவ்வொரு விதியும் ஒரு கள்ள வழிக்குப் போடப்பட்ட பூட்டு.

1. தேவையில்லை என்று முதலில் எழுதுக. ஒரு பொருளை விற்பதற்கு முன், அது உபரியானது அல்லது பயன்படாதது என்று தகுதியுள்ள அதிகாரி காரணத்துடன் பதிவு செய்ய வேண்டும். இல்லையேல், ஓடும் வண்டியை ‘ஓடாது’ என்று கூறி வேண்டியவருக்குத் தள்ளிவிட முடியும்.

2. விலையை முன்னரே மதிப்பிடுக. பொருளின் ஏட்டு மதிப்பையும் குறைந்தபட்ச விலையையும் ஏலத்திற்கு முன்பே கணக்கிட வேண்டும். எஞ்சிய மதிப்பு 2 இலட்சம் ரூபாய்க்கு மேல் இருந்தால், விளம்பரம் செய்யப்பட்ட ஒப்பந்தப்புள்ளி வழியாகவோ பொது ஏலத்தின் வழியாகவோதான் விற்க வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு விதி. குறைந்தபட்ச விலையே தவறாக இருந்தால் அதற்குமேல் எழும்பும் போட்டியும் தவறாகவே முடியும். எனவே, ‘இத்தொகை எதன் அடிப்படையில் முடிவாயிற்று?’ என்பதே ஏலத்தில் கேட்க வேண்டிய முதற் கேள்வி.

3. ஊரறிய அறிவிப்புச் செய்க. இதற்கு அழகான எடுத்துக்காட்டு 1864-ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டத்தில் இருக்கிறது. வரிப்பாக்கிக்காக நிலத்தை அரசு ஏலம் விடும்போது, ஆங்கிலத்திலும் மாவட்ட மொழியிலும் அறிவிப்பு எழுதி, குறைந்தது ஒரு மாதத்திற்கு முன் நான்கு இடங்களில் ஒட்ட வேண்டும்: ஆட்சியர் அலுவலகம், வட்ட அலுவலகம், அருகிலுள்ள காவல் நிலையம், அந்த நிலத்திலேயே எல்லாரும் காணக்கூடிய ஓர் இடம். அலுவலகப் பலகையில் மட்டும் ஒட்டினால் அலுவலகத்திற்கு வந்துபோகும் சிலரே அறிவர். நிலத்திலேயே ஒட்டினால் வழிப்போக்கனும் அறிவான் என்பதை அக்காலத்துச் சட்டமே எண்ணிப் பார்த்திருக்கிறது. ஏலம் தொடங்கும்போது பொருளின் நிலையையும் நிபந்தனைகளையும் கூடியிருப்போருக்கு மீண்டும் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்று மத்திய அரசின் விதியும் கூறுகிறது.

4. முன்பணம் கட்டச் செய்க. டேவணித் தொகை, முன்வைப்புத் தொகை என்று வழங்கப்படுவது இதுவே. விளையாட்டாக விலையை ஏற்றிவிட்டு ஓடிப்போவோரை இது தடுக்கும். மத்திய அரசு விதிப்படி, ஏலம் முடிந்தவுடன் ஏலத்தொகையில் 25 விழுக்காட்டுக்குக் குறையாமல் அங்கேயே பெற வேண்டும். மேற்சொன்ன 1864-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 15 விழுக்காடு. மீதியை 30 நாள்களுக்குள் கட்டத் தவறினால் முன்பணம் பறிபோகக்கூடும். அதே வேளையில், முன்பணத்தை மலைபோல் உயர்த்தினால் சிறு வணிகர்கள் அருகில் வரவே முடியாமற் போய்விடும் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

5. விற்பவரே வாங்கலாகாது. ஏலத்தை நடத்தும் பொறுப்பில் உள்ளவர், நேராகவோ பினாமி பெயரிலோ, அந்த ஏலத்தில் கேட்கக் கூடாது. நீதிமன்ற ஏலங்களைப் பற்றிய உரிமையியல் நடைமுறைச் சட்டமும் இதை வெளிப்படையாகத் தடுக்கிறது. சட்டப்படி வாங்கக் கூடாத அரசு ஊழியர் வாங்கினால் அது குற்றம் என்று 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 169-ஆம் பிரிவில் கூறியது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 203-ஆம் பிரிவாக இருக்கிறது.

இந்த எண்ணத்திற்கு நம் மாவட்டத்திலேயே வேர் உண்டு. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்குப் புகழ்பெற்றவை. வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் பொறுப்பேற்கத் தகுதியற்றவர் என்று அக்கல்வெட்டு விலக்கி வைக்கிறது. பொதுப்பணத்தைத் தொட்டவர் கணக்குச் சொல்லியாக வேண்டும். அவருடைய உறவினர் பெயரிலும் தப்பிக்க முடியாது. இன்றைய பினாமித் தடையின் உள்ளக்கருத்தும் இதுவே அன்றோ!

6. கேட்பில் கள்ளம் கூடாது. இதில் இருவகைக் கள்ளம் உண்டு. முதல் வகை, வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவரைக் கூட்டத்தில் நிறுத்தி, பொய்யாக விலையை ஏற்றச் செய்வது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 64-ஆம் பிரிவின்படி, விற்பவர் இவ்வாறு செய்தால் வாங்கியவர் அந்த விற்பனையையே தள்ளிவிடலாம். இஸ்லாமிய வணிக நெறியில் இதற்கு ‘நஜ்ஷ்’ என்று பெயர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இதைத் தடை செய்துள்ளார்கள். அதே வேளையில் ஏலத்தை அவர்கள் அனுமதித்ததற்கும் சான்று உண்டு. உதவி கேட்டு வந்த அன்சாரித் தோழர் ஒருவரின் விரிப்பையும் குவளையையும் கூட்டத்தின் முன் வைத்து, ஒருவர் ஒரு திர்ஹம் கேட்க, அதைவிடக் கூடுதலாகத் தருபவர் உண்டா என்று வினவி, இரண்டு திர்ஹத்துக்கு விற்றுக் கொடுத்த செய்தி நபிமொழி நூல்களில் பதிவாகியுள்ளது. நேர்மையான போட்டி ஆகும். பொய்ப் போட்டி ஆகாது. இது எம்மதத்தவரும் ஏற்கும் நீதியாகும்.

இரண்டாம் வகை, வாங்குவோர் கூடிப் பேசிக்கொண்டு விலையை ஏறவிடாமல் அமுக்குவது. ‘சிண்டிகேட்’ என்று நாம் சொல்லும் கூட்டு இதுதான். எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் பார்ப்போம். இலட்ச ரூபாய் பெறும் பழைய இரும்பு. குறைந்தபட்ச விலை 40,000 ரூபாய். ஐந்து பேர் வருகிறார்கள். நால்வர் வாய் திறப்பதில்லை. ஐந்தாமவர் 41,000 ரூபாய்க்கு எடுக்கிறார். பின்னர் அந்த ஐவரும் தங்களுக்குள் இரகசியமாக மற்றோர் ஏலம் நடத்துகிறார்கள். அங்கே அது 91,000 ரூபாய்க்குப் போகிறது. இடையிலுள்ள 50,000 ரூபாயை ஐவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அந்த ஐம்பதாயிரம் பள்ளிக்கூடத்துக் கூரைக்கு வரவேண்டிய பணம். இத்தகைய கூட்டுச் சதியை 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் 3-ஆம் பிரிவில் தடை செய்கிறது. ஏலத்தை அச்சுறுத்தித் தடுப்பதும், ஏற்றுக்கொண்ட கடமையை நிறைவேற்றும் எண்ணமின்றிக் கேட்பதும் தண்டனைச் சட்டத்திலும் குற்றங்களே.

7. உறுதி செய்த பின்னரே ஒப்படைக்க. சுத்தியல் விழுந்தவுடன் எல்லாம் முடிந்துவிட்டது என்பது மக்களிடையே உள்ள தவறான கருத்து. அரசு ஏலங்களில் பெரும்பாலும் மேலதிகாரி அல்லது மன்றம் உறுதி செய்த பின்னரே விற்பனை நிறைவுபெறும். உச்சத் தொகை கேட்டார் என்பதனால் மட்டுமே ஒருவருக்குப் பொருள்மீது முழு உரிமை வந்துவிடாது. ஆனால் உறுதி செய்ய மறுக்கும் அதிகாரி தக்க காரணம் காட்ட வேண்டும். மீதித்தொகை முழுவதும் வந்த பின்னரே பொருள் வெளியேற வேண்டும். ‘பொருளை எடுத்துக்கொள்ளுங்கள், பணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்னும் தாராளத்திற்கு அரசுச் சொத்தில் இடமில்லை.

கிண்டி நிலம் கற்பித்தது

விதி இருந்தும் அதற்குப் பல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழகம் ஒரு வழக்கில் கண்டது. தமிழ்நாடு சிறுதொழில் கழகமாகிய டான்சிக்குச் சென்னை கிண்டியில் இருந்த நிலங்கள் 1992-இல் விற்பனையாயின. அவற்றை வாங்கியவை, அப்போதைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா பங்குதாரராக இருந்த நிறுவனங்கள். சந்தை மதிப்பைவிடக் குறைந்த விலைக்கு அரசுச் சொத்து போய்விட்டது என்பது குற்றச்சாட்டு. 2000-ஆம் ஆண்டு தனி நீதிமன்றம் தண்டனை விதித்தது. 2001-இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2003 நவம்பர் 24-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை உறுதி செய்தது.

அத்தீர்ப்பில் நாம் ஊன்றிப் படிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அமைச்சர்கள் அரசுச் சொத்தை வாங்கக் கூடாது என்று நன்னடத்தை விதி இருந்தது. ஆயினும் அந்த நன்னடத்தை விதிக்குச் சட்டத்தின் வலிமை இல்லை. ஆகவே அதை மீறியது தண்டனைக்குரிய குற்றமாகாது என்பது நீதிமன்றத்தின் முடிவு. அத்துடன், நிலத்தைத் திரும்ப ஒப்படைப்பதே அறத்திற்கு உகந்தது என்றும் நீதிமன்றம் எடுத்துரைத்தது. நிலம் திரும்பவும் வந்தது.

குற்றம் என்று நிறுவ முடியாதது எல்லாம் முறையானது ஆகிவிடாது. அதிகாரத்தில் இருப்பவர் அந்த அதிகாரத்திற்கு உட்பட்ட சொத்தை வாங்க முன்வந்தால், மற்றவர்கள் மனந்துணிந்து போட்டியிடுவார்களா? ஊராட்சித் தலைவரின் மைத்துனர் குளத்தை ஏலம் கேட்டாலும் எழும் கேள்வி இதுவே. அளவு மாறலாம், கேள்வி மாறாது.

ஏலம் விடவே கூடாதவை

எல்லாவற்றையும் அதிக விலைக்கு விற்றுவிடுவதே நல்லாட்சி என்றும் கொள்ளலாகாது. 2012 பிப்ரவரி 2-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இரண்டாம் தலைமுறை அலைக்கற்றை வழக்கில் 122 உரிமங்களை ரத்து செய்தது. முதலில் வந்தவருக்கு முதலில் என்ற முறை நேர்மையாக இல்லை என்பது காரணம். அதே ஆண்டு செப்டம்பரில் குடியரசுத் தலைவர் கேட்ட வினாவுக்கு விடையளித்தபோது, எல்லா இயற்கை வளங்களையும் ஏலத்தின் வழியாகவே வழங்க வேண்டும் என்று அரசியல் சாசனம் கட்டளையிடவில்லை என நீதிமன்றம் விளக்கியது. ஏழைகளுக்கு வீட்டுமனை வழங்கும்போது ஏலம் விட்டால் பணக்காரருக்கே மனை போகும். வழி எதுவாயினும் அது நேர்மையாகவும் வெளிப்படையாகவும் இருத்தல் வேண்டும் என்பதே கருத்து.

காஞ்சிபுரம் போன்ற கோயில் நகரில் அறநிலையச் சொத்துகள் மிகுதி. அவை அரசுக்குச் சொந்தமானவை அல்ல, அறத்திற்கு உரியவை. ஆனால் அவற்றுக்கும் இதே கண்காணிப்பு தேவைப்படுகிறது. 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு இந்து சமய அறநிலையச் சட்டம் 34-ஆம் பிரிவின்படி, ஆணையரின் அனுமதியின்றிக் கோயில் நிலத்தை விற்றாலும், ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகைக்கு விட்டாலும் அது செல்லாது. அறக்கட்டளைச் சொத்தைத் தனிப்பேச்சில் விற்பது பொதுமக்கள் பார்வைக்கு மறைந்த செயல் என்றும், பொது ஏலமே முறை என்றும் 1986-இல் ‘செஞ்சுராமி ரெட்டி’ வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது.

நம் வக்பு சொத்துகளின் வரலாறும் இதனோடு ஒத்தது. 1995-ஆம் ஆண்டின் வக்பு சட்டம் முதலில் வாரியத்தின் அனுமதியுடன் விற்பனைக்கு இடமளித்தது. அவ்விற்பனையும் பொது ஏலத்தில் நடக்க வேண்டும், வாரியம் அதனை உறுதி செய்ய வேண்டும் என்று 51-ஆம் பிரிவு விதித்தது. 2013-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வாயிலையும் அடைத்தது. விற்பனையும் அடைமானமும் தொடக்கத்திலிருந்தே செல்லாதவை ஆயின. ஏன் இந்த மாற்றம்? ஒருமுறை விற்ற நிலம் திரும்ப வராது. முன்னோர் விட்டுச்சென்ற அமானிதத்தின் வருவாயை நாம் பெறலாம். அமானிதத்தையே விற்றுத் தின்ன முடியாது. பள்ளிவாசல் கடைகளைக் குத்தகைக்கு விடும் முத்தவல்லிகளும் ஜமாஅத்தாரும் மேற்கண்ட ஏழு விதிகளைத் தமக்கும் உரியனவாகக் கொள்வது நலம். அரசிடம் நேர்மை கேட்கும் உரிமை, நம் கணக்கு நேராக இருக்கும்போதுதான் வலுப்பெறும்.

நாம் என்ன செய்யலாம்?

இன்று ஏலங்கள் பல கணினி வழியே நடக்கின்றன. 1964-இல் தொடங்கப்பட்ட எம்.எஸ்.டி.சி. என்னும் மத்திய அரசு நிறுவனம் பழைய பொருள்களையும் வளங்களையும் மின்னணு ஏலத்தில் விற்றுத் தருகிறது. இதில் ஒரு நன்மை உண்டு. எங்கோ இருப்பவரும் கேட்க முடிவதால், ஏல வாசலில் ஆள் நிறுத்தி மிரட்டும் கூட்டத்தின் வலிமை குறைகிறது. ஒரு குறையும் உண்டு. கணினி அறியாத சிறு வணிகர் வெளியே நின்றுவிடுகிறார். நம் குடும்பங்களில் படித்த பிள்ளைகள் உள்ளனர். தந்தையின் கடைக்காகவும், மாமாவின் பழைய இரும்பு வியாபாரத்திற்காகவும் அவர்கள் ஏலத் தளங்களில் பதிவுசெய்து கொடுத்தால், அந்த வீட்டிற்கும் நன்மை. போட்டி கூடுவதால் பொதுச் சொத்துக்கும் நன்மை.

ஏலம் எடுக்க நமக்குப் பணமில்லாமல் இருக்கலாம். பார்த்திருக்கக் கண்கள் உண்டு. நேரில் நடக்கும் பொது ஏலத்திற்குச் சென்று நிற்க விரும்பினால், அறிவிப்பில் நாளும் இடமும் குறிக்கப்பட்டிருக்கும். நாலு பேர் வந்து நிற்கும் இடத்தில், சொல்லிவைத்தாற்போல் ஏலத்தை முடிப்பது எளிதன்று.

ஐயம் எழுந்தால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். மத்திய, மாநில அலுவலகங்களுக்குப் பத்து ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். 30 நாள்களுக்குள் விடை தர வேண்டும். சண்டைக்குப் போகும் தொனி வேண்டாம். கீழ்க்காணும் ஆறு விவரங்களைப் பணிவாகக் கேட்டால் போதும்:

ஏல அறிவிப்பு எந்த நாளில், எங்கெங்கே வெளியிடப்பட்டது?
குறைந்தபட்ச விலை எவ்வளவு? அதை மதிப்பிட்டவர் யார், எதன் அடிப்படையில்?
எத்தனை பேர் முன்வைப்புத் தொகை கட்டினர்?
ஒவ்வொருவரும் கேட்ட தொகை என்ன?
ஏலத்தை உறுதி செய்த ஆணையின் நகல் எங்கே?
மீதித்தொகை எந்த நாளில் கட்டப்பட்டது, பொருள் எந்த நாளில் ஒப்படைக்கப்பட்டது?

இந்த ஆறு விடைகளும் ஒன்றோடொன்று பொருந்தினால் ஏலம் பெரும்பாலும் நேராக நடந்திருக்கிறது என்று மனநிறைவு கொள்ளலாம். நேர்மையான அதிகாரிக்கு இக்கேள்விகள் தொல்லையாகா. மேலிருந்து வரும் வற்புறுத்தலை மறுக்க, ‘மக்கள் கேட்கிறார்கள்’ என்னும் ஒரு காரணம் அவருக்குக் கிடைக்கிறது. பொருந்தாவிட்டால், மேலதிகாரிக்கும் தணிக்கைத் துறைக்கும் ஆதாரத்துடன் எழுதலாம். வருவாய் வசூல் ஏலத்தில் முறைகேட்டால் பாதிக்கப்பட்டவர், விற்பனையை நீக்கக் கோரி 30 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் நினைவில் வைப்பது நல்லது. பலரது நிலம் பறிபோனது அநீதியால் மட்டும் நேரவில்லை. நாள் கடந்து போனதாலும் நேர்ந்தது.

அன்பு வாசகர்களே! பட்டுச் சேலை வாங்கும்போது சரிகையை உரசிப் பார்க்கிறோம், எடையைக் கேட்கிறோம், நாலு கடை ஏறி இறங்குகிறோம். சில ஆயிரம் ரூபாய்க்காக இத்தனை விழிப்பு. நம் ஏரியின் மீனும், சாலையோரப் புளியும், சந்தையின் சுங்கமும் ஆண்டுதோறும் நம் பெயரால் விலைபோகின்றன. அடுத்த முறை வட்டாட்சியர் அலுவலகத்திற்கோ மாநகராட்சிக்கோ செல்லும்போது, அங்கே ஒட்டப்பட்டிருக்கும் ஏல அறிவிப்பை நின்று முழுதும் படியுங்கள். பொது ஏலம் என்னும் பெயரில் ‘பொது’ என்று குறிக்கப்படுபவர்கள் நாமே.